நாற்பத்தேழாம் எண்

கூரை ஒழுகி ரவுட்டர் செத்தது.
ஜூன் மாதம், வால்திவியா.
நனையாமல் சாவது இங்கே கொஞ்சம் கடினம்.
பதினோரு நாள் கழித்து
கம்பெனி ஆள் புதியதோடு வந்தான்.
சோப்புப் பெட்டி போல வெள்ளையாய் ஒன்று.
மழைக்கோட்டைக் கழற்றாமலே மாட்டிவிட்டு
"எல்லாம் சரி, சென்யோரா" என்று போய்விட்டான்.

அவனுக்குச் சரி.
குளியலறை ஸ்பீக்கர் உடனே பாடியது.
அது அப்படித்தான்,
யார் எந்த எண்ணைக் கொடுத்தாலும்
வாங்கிக்கொண்டு வாலாட்டும்.
யுலிஸெஸின் போனும் அதே ரகம்.
அடம்பிடித்தவை மற்றவை:
லேபிள் அடிக்கும் பிரிண்டர்,
வாசல் கேமரா,
வெண்ணெயும் பாதாமும் இருக்கிற
குளிர் அறையின் வெப்பமானி.
ஞாயிறு சந்தைக்கு நாற்பது பெட்டி மிட்டாய்,
ஒட்டுவதற்கு ஒரு பெயர் இல்லை.

காரணம் பிடிபட இரவு ஒரு மணி ஆயிற்று.
பழைய பெட்டியின் காலத்தில் எல்லோரும்
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு, ஒன்று
என்ற தெருவில் குடியிருந்தார்கள்.
புதியது வந்ததும் அந்த ஒன்றை அழித்துப்
பூஜ்யம் போட்டிருக்கிறது.
வீடு இடியவில்லை, சுவர் நகரவில்லை,
தெருவை மட்டும் காணோம்.
பிரிண்டர் தன் பதினொன்றாம் கதவைத் திறந்துவைத்து
வராத தபாலுக்குக் காத்திருக்கிறது,
என்னிடமிருந்து இரண்டு முழம் தள்ளி.

அதைக் குறை சொல்ல முடியாது.
அந்த எண்ணை அப்படி அறைந்து வைத்தவன் நவுவேல்,
பின்னறையில் மூன்று வருஷம் வாடகைக்கு இருந்து
நீரியல் படித்தவன்.
தானாக வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டால்
எல்லாம் நீர்மேல் எழுத்து, கிராசியேலா, என்பான்.
மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம்
பென்சிலால் எழுதியும் வைத்தான்:
பதினொன்று, பிரிண்டர். பன்னிரண்டு, கேமரா.
இருபது, குளிர் அறை.
கடைசியில் நாற்பத்தேழு,
எதிரே ஒரு சிறு கோடு,
வேறொன்றுமில்லை.

ஒவ்வொன்றுக்கும் புது எண் கொடுத்துவிடேன்
என்றான் யுலிஸெஸ், கொட்டாவிக்கு நடுவே.
பிரிண்டரின் மெனுவுக்குள் ஏழு அறை தாண்டிப் போனேன்.
தபால்தலை அளவு திரை, மூன்று பொத்தான்.
எட்டாவது அறையில் கடவுச்சொல் கேட்டது.
சத்தியமாய் அதை நான் வைக்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது:
குடித்தனக்காரர்களை ஏன் எழுப்ப வேண்டும்,
வந்தவனைத் திருத்தினால் போதாதா?
புதிய பெட்டிக்குப் பழையதன் பெயரை வைத்தேன்,
பழைய கடவுச்சொல்லை வைத்தேன்,
பூஜ்யத்தை அடித்து ஒன்றாக்கினேன்.
அது ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டது.
நானும் மூடிக்கொண்டேன்.

முதலில் கேமரா:
தெருவிளக்கு, மழை, ஒரு ஈர நாய்.
பிறகு குளிர் அறை, நான்கு டிகிரி.
பிரிண்டர் தொண்டையைக் கனைத்து
பதினோரு நாள் லேபிளையும்
போதும் போதும் என்றாலும் கேளாமல் துப்பியது.

பட்டியலின் அடியில் நாற்பத்தேழு.
பெயரில்லை, பச்சைப் புள்ளி மட்டும்.
அழுத்தினால் ஒரே வரி:
இன்று, முப்பத்தொன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
நான்கு ஆறாயிற்று.

டார்ச்சோடு பின்பக்கம் போனேன்.
வேலிக் கம்பத்தின் மேல்
பூந்தொட்டி என்று நான் நினைத்திருந்த கறுப்புக் கிண்ணம்.
உள்ளே ஒரு குட்டித் தராசு
நிறைந்து, சாய்ந்து,
டக்கென்றது.

நவுவேல் போய் ஐந்து வருஷம்.
அன்டோஃபகாஸ்டாவில் வேலை,
மழைக்கோட்டு விற்றால் பட்டினிதான் அந்த ஊரில்.
இது இத்தனை நாளாய் யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது
என்று கேட்டு அனுப்பினேன்.
விடிவதற்குள் பதில்:
எனக்குத்தான்.
காலையில் பல் தேய்க்கும்போது பார்ப்பேன்.
பதினோரு நாளாய்க் கோடு தரையோடு கிடந்தது.
வால்திவியாவில், ஜூனில்!
உங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.
கேட்கத்தான் கூச்சமாக இருந்தது.

அதன் கீழே இன்னொரு வரி:
விட்டுப்போன நாளில் எவ்வளவு பெய்தது, தெரியுமா?

அலமாரிமேல் ஒழுக்குக்கு வைத்த வாளியை
எட்டிப் பார்த்து,
யோசித்து,
ஒன்பது வாளி என்று எழுதினேன்.
பத்தாவது, பாதி.