தொலைந்த பெட்டிகள் பிரிவு, நைட் ஷிப்ட்

பங்சார் சவுத்தில் பதினேழாவது மாடி.
அதிகாலை மூன்று மணி,
காதுக்குள் கிளாஸ்கோ.

டெக்சாஸ்காரர் சொல்லை ரப்பராய் இழுப்பார்.
சிட்னிக்காரிக்கு எல்லா வாக்கியமும் கேள்விதான்.
பழகிவிட்டது.
இவர் ரகரத்தை உருட்டிவிட்டு
கடைசி எழுத்தை விழுங்குகிறார்.

பெட்டியில் என்னென்ன, சார்?
சட்டை இரண்டு, ஷேவிங் செட்,
அப்புறம் ஏதோ
'மா மோ'.
மோ, ஒன்று என்று தட்டினேன்.
என்ன விலை இருக்கும்? என்றேன்.

அவர் பேசவில்லை.
எங்கோ ஒரு கெட்டில் கொதித்து அடங்கியது.

இடைவேளையில் மைலோ ஆற ஆற
பதிவை ஓட்டிக் கேட்டேன்.
மோப், மேப், மோர்?
ஜெசிந்தா ஒரு காதை வாங்கிக் கேட்டு
உதட்டைப் பிதுக்கினாள்.
பதினோராம் தடவைதான்
அதன் பின்னால், மூச்சோடு மூச்சாக,
இன்னொரு சொல் இருந்தது:
ஆஷஸ்.

மா மோ.
என் அம்மா.

விலைக் கட்டத்தை அழித்தேன்.
எண் இல்லாமல் சேமிக்க முடியாது என்றது கணினி.
பூஜ்யம் போட விரல் போகவில்லை.

கெரிஞ்சி ஸ்டேஷனில் விடிந்திருந்தது.
ரயில் வரும்வரை
வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன்,
அவர் சொன்ன மாதிரி,
கடைசி எழுத்தை விழுங்கி.