நிமிடத்துக்கு ஒரு லிட்டர்

இந்த வாரம் மூணாவது பாட்டிலுங் டாக்டர் என்றாள் கோகிலவாணி,
மருந்துக் கவுன்ட்டரில், டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து.
பழுப்புக் கண்ணாடிக்குள் இரண்டு விரற்கடை மிச்சம்.
லேபிளில் பேனாவால் கோடு கிழித்துத் தேதி போட்டிருக்கிறாள்,
யாரோ திருடிக் குடிக்கிறோம் என்பதுபோல.

செவோஃப்ளூரேன் ஏழாயிரம், இருநூற்றைம்பது மில்லி.
ஐசோஃப்ளூரேன் அதில் கால்வாசிகூட இல்லை.
ஆனால் அது ஆளைச் சீக்கிரம் விடாது.
எழாதவர் கட்டிலைக் காலி செய்யமாட்டார்,
அடுத்த கேஸ் பச்சை அங்கியோடு வராந்தாவில் நிற்கும்.
"தூங்க வெக்கறது சல்லிசுங்க,
எழுப்பறதுலதான் காசு"
என்பார் முதலாளி டாக்டர் குழந்தைவேல்.
சொல்லிவிட்டு, "அட்டைக்கு ஐசோ, ரொக்கத்துக்கு செவோ" என்றும் சொன்னார் ஒருமுறை.
காப்பி அப்போதுதான் வந்தது. நான் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

ஈரோட்டில் ஐந்து ஆஸ்பத்திரி எனக்கு.
கேஸுக்கு இவ்வளவு என்று கூலி.
எதிலும் என் பேர் போட்ட நாற்காலி கிடையாது.

சென்னியப்பன், நாற்பத்தாறு,
வீரப்பன்சத்திரத்தில் தறி ஓட்டுகிறார்.
பித்தப்பையில் கல், கீழ்வரிசையில் ஆடுகிற பல் இரண்டு.
முகமூடியை வைக்கப் போகும்போது கேட்டார்:
மயக்கத்துக்கு எத்தனைங்க?
அட்டை இருக்குல்ல?
இருக்குதுங். இருந்தாலும் எத்தனைங்?
மூச்சை நல்லா இழுங்க என்றேன்.

மூன்றை ஓட்டத்தால் பெருக்கி, அதைச் சதவீதத்தால் பெருக்கினால்
மணிக்கு எத்தனை மில்லி என்று வந்துவிடும்.
ஆறு லிட்டர், இரண்டு சதவீதம்: முப்பத்தாறு மில்லி.
ரூபாயில் ஆயிரத்தெட்டு,
அர்ச்சனைக் கணக்கு.
முதல் பத்து நிமிடம் அப்படித்தான் கொடுக்கவேண்டும், தாராளமாக.
பிறகு குமிழைத் திருகி ஒரு லிட்டருக்கு இறக்கினேன்.

இனி அவர் விட்ட மூச்சுதான் அவருக்கு.
கரியை வெள்ளைக் குருணை தின்றுவிடும்,
தின்று தின்று ஊதாவாகும்.
மருந்து மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும் குழாயில்,
உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே.
இது அவருக்குப் புரியும்.
தறிப்பட்டறையில் கழிவுநூலைத் தனியாக எடை போடுவார்கள்,
கூடினால் சனிக்கிழமைக் கூலியில் பிடிப்பார்கள்.

மிச்சம் மணிக்கு எண்ணூற்று நாற்பது.
யாருக்கு மிச்சம்?
அட்டைக்கு வருகிற தொகை எப்படியும் மாறாது.
நான் குமிழைத் திருகினால் அது குழந்தைவேலின் கல்லாவில் விழும்.
திருகாவிட்டால் ஜன்னல் வழியே போகும்.
நேற்று இதே மேசையில் ஒரு சாயப்பட்டறைக்காரர், ரொக்கம்.
அவருக்கும் இதே ஒரு லிட்டர்தான்,
பில்லில் முழு பாட்டில் ஏறியிருந்தது.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
பன்னிரண்டுக்குப் பெருந்துறையில் ஒரு சிசேரியன்,
ரிங் ரோட்டில் எப்போதும் லாரி.

கழிவுக் குழாய் சுவரைத் துளைத்து
சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது.
அதற்கு நேர் கீழே சிமெண்ட் பெஞ்சு.
பெஞ்சில் அவர் மனைவி பாவாத்தாள்,
தூக்குப்போசியை மடியில் வைத்து.
ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன்:
நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள்.
விடியக்காலை நாலுக்கு எழுந்திருப்பாள், வேறொன்றும் இருக்காது.
இருந்தாலும் ஆள் அனுப்பி
தள்ளி உட்காரச் சொன்னேன்.

மொத்தம் பதினெட்டு மில்லி.
ஐந்நூற்று நான்கு ரூபாய்.
கோகிலவாணி புதுக்கோடு கிழிப்பாள்.

குழாயை உருவியதும் இருமினார்.
ஆடுகிற பல் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.
கண் திறக்காமல், தொண்டை கரகரக்க,
எத்தனைங்க ஆச்சு? என்றார்.
ரெண்டு மணி பத்து நிமிஷம் என்றேன்.

அவர் கேட்டது அதுதானா தெரியவில்லை.
உதடு அசைந்தது,
எதையோ எதனாலோ பெருக்கிக்கொண்டு.