லிட்டருக்குப் பதினொன்று

பல் கட்டும் லேபில் எனக்குச் சுமக்கிற வேலை.
பாளையங்கோட்டையில் எடுத்து
நாங்குநேரியில் இரண்டு கடைவாய்,
வள்ளியூரில் ஒரு முழு செட்,
பனகுடியில் யாருக்கோ ஒற்றை முன்பல்.
ஒரு பல்லுக்கு இருபத்தைந்து ரூபாய் கூலி.
ஆகவே ஒரு லிட்டர் பெட்ரோல் என்பது
நாலு பல்லும் கொஞ்சம் ஈறும்.

தொண்ணூற்றேழாம் வருஷத்து மாருதி.
வெள்ளையாக இருந்ததாம்;
இப்போது வடித்த கஞ்சியின் நிறம்.
கொழுந்தனிடம் தவணையில் வாங்கியது.
பதினொன்றுதான் தருகிறது என்று
ஒருவரிடமும் சொன்னதில்லை.
கேட்டால் பதினாலு என்பேன்,
மகன் வாங்கிய மார்க்கைக் கூட்டிச் சொல்வதுபோல.

பழைய டைரியில் கோடு போட்டேன்.
டேங்க் வழிய நிரப்பி, மீட்டரைக் குறித்து, ஓட்டி,
மறுபடி வழிய நிரப்பி, கழித்து, வகுத்து.
வண்ணார்பேட்டை பங்க் பையன்
"இருநூறுக்குப் போடுற ஆளு ஃபுல்லுங்கிய,
லாட்டரி விழுந்திருக்காக்கா?" என்றான்.

முதலில் டயர்.
நாலிலும் இருபதுக்குக் கீழே கிடந்தது காற்று.
வெயிலேறுமுன் முப்பது வைத்தேன்.
பன்னிரண்டு.
ஏர் ஃபில்டரைத் தட்டினேன்.
திசையன்விளைத் தேரிமண் அரை டம்ளர்
சிவக்கச் சிவக்கக் கொட்டியது;
என்றைக்கோ ஒரு கல்யாணத்துக்குப் போனது.
புதுசு நூற்றெண்பது. ஏழு பல்.
மேலப்பாளையம் மசூது
மூன்று பிளக்கையும் உப்புத்தாளால் தேய்த்து
இடைவெளி வைத்துத் தந்தான்.
பன்னிரண்டரை.

டிக்கியைத் திறந்தேன்.
நனைந்து இறுகிப்போன மாவுக்கல் மூட்டை,
ஏற்றத்தில் சக்கரத்துக்குக் கொடுக்க இரண்டு கருங்கல்,
கொழுந்தன் விட்டுப்போன குழாய் ஸ்பீக்கர்.
இரும்புக்கடைத் தராசில் முப்பத்தொன்பது கிலோ.
ஸ்பீக்கருக்கு மட்டும் அறுபது ரூபாய் தந்தார்கள்.
பாரம் இறக்கியதில் மனசு ஒன்றும் லேசாகவில்லை.
வண்டிக்கும் பெரிதாக இல்லை:
புள்ளி இரண்டு.

அதற்குள் ஆனி வந்துவிட்டது.
வள்ளியூர் தாண்டியதும் கணவாய்க் காற்று
பம்பரில் இரு கையும் வைத்துத் தள்ளுகிறது,
போ, போய் நாளைக்கு வா என்று.
இரண்டு பக்கமும் காற்றாலைகள்
அதே காற்றில் யாருக்கோ காசு சுற்றிக்கொண்டிருந்தன.
எனக்கு அது செலவுக் கணக்கில் வந்தது.
ஐம்பதுக்கு மேல் மிதிக்கவில்லை.
கன்னியாகுமரி போகும் டூரிஸ்ட் வேனிலிருந்து
பிள்ளைகள் டாட்டா காட்டினார்கள்,
பழுதான வண்டி என்று நினைத்திருப்பார்கள்.
திரும்பும்போது முதுகைத் தள்ளி
தின்றதில் பாதியைத் தந்தது காற்று.
கொழுந்தனைவிட நல்ல குணம்.

பன்னிரண்டே முக்காலைத் தாண்டவில்லை.
மசூது முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.
ஸ்டார்ட் பண்ணவில்லை.
ஸ்டியரிங் பக்கத்துக் குமிழில் தொங்கிய
என் பல் பையையே பார்த்தான்.
"இது எத்தன நாளா இங்கன தொங்குது?"
"வாங்குன அன்னைலேருந்து."
பையைக் கழற்றி என் மடியில் வைத்தான்.
பாதி வெளியே வந்து நின்ற குமிழை
ஒற்றை விரலால் உள்ளே தள்ளினான்.
"யக்கா, இது ஆணி இல்ல, சோக்கு.
வண்டி குடிக்கல.
நீங்கதான் ஊட்டிக்கிட்டு இருக்கிய."

அப்படியென்றால்
பல் அதிகம் இருந்த நாளெல்லாம்
பை கனத்து, குமிழ் இன்னும் இழுபட்டு,
கூலி கூடக்கூடக் குடித்திருக்கிறது.
ஒன்றேகால் வருஷம்.
வகுக்கத் தொடங்கி, டைரியை மூடினேன்.
மசூது சிரித்தான். நானும்,
கீழ்வரிசையில் இல்லாத கடைவாய் தெரியாமல்
அளவாகச் சிரித்தேன்.
அந்தப் பல்லை அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று
மூன்று வருஷமாகத் தள்ளிவருகிறேன்.

பை இப்போது பக்கத்து சீட்டில், பெல்ட் போட்டு.
சுருக்கென்று பிரேக் அடித்தால்
உள்ளே கிடுகிடுவென்று யாரோ குளிரில் நடுங்குவதுபோல் கேட்கும்.

போன வாரம் பதினாறு.
எதிர்காற்றையும் சேர்த்துத்தான்.
பனகுடி டாக்டர் கேட்டார்,
இந்தப் பழசு என்னம்மா தருது?

பதினெட்டு என்றேன்.