எட்டில் ஆறு

பாடாங் செராய். மளிகைக்கடை மேல்மாடி, வாடகை அறை.
இரவு பதினொன்றுக்கு ஷட்டர் இறங்கும் சத்தம்.
அதன்பிறகு நானும் காற்றாடியும்
சூடேறினால்தான் யோசிக்கிற மடிக்கணினியும்.

கம்பியில் வரும் ஒவ்வொரு பொட்டலமும்
நெற்றியில் ஆறு பைட்டு முகவரியோடு வருகிறது.
எனக்கா, இல்லையா?
பழைய நிரல் ஒவ்வொன்றாய்க் கேட்டது.
முதல் பைட்டு ஒத்துப்போகிறதா, போகிறது.
இரண்டாவது, போகிறது.
மூன்றாவது,
பெரட்டுக்குப் பெயர் கூப்பிடும் கிராணி
எழுத்துக்கு எழுத்து கண்ணாடியைத் துடைப்பதுபோல.
நொடிக்கு லட்சம் பொட்டலம் வாசலில் நிற்க.

நான் சுருக்கினேன்.
நான்கை நான்கோடும் இரண்டை இரண்டோடும் மோதவிட்டேன்.
ஒத்த பிட்டுகள் பூஜ்ஜியமாய்க் கரையும்,
ஒவ்வாதது ஒன்றே ஒன்றானாலும் துருத்தி நிற்கும்.
மிச்சங்களைக் கூட்டி ஒரே கேள்வி:
ஏதாவது மீந்ததா?

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எட்டையும் ஒரே வாயில் அள்ளினேன்.
ஆறு நமக்குரியது,
இரண்டு பக்கத்தில் குடியிருப்பது, யாருடையதோ.
பதினாறு பிட் இடப்பக்கம் தள்ளினால்
அந்த இரண்டும் விளிம்பில் உதிர்ந்துவிடும்.
என் மேசையில் உதிர்ந்தது.
நேரம் பாதிக்கும் கீழே. ஹஸ்னிசா
கட்டைவிரல் ஒன்று அனுப்பிவிட்டுத் தூங்கப்போனாள்.

வியாழக்கிழமை செம்பனை ஆலையின் எடைமேடை
பேச்சை நிறுத்தியது.
குலை ஏற்றிய லாரிகள் பதினான்கு
ரப்பர் காட்டு வளைவுவரை.
காத்திருக்கும் பழத்தில் புளிப்பு ஏறும், விலை இறங்கும்.
புனிதவதி பள்ளி நோட்டில் எடை எழுதிக்கொண்டிருந்தாள்,
ரஃபிக்குல் திரையை எட்டிப் பார்த்து உரக்கச் சொல்ல.
மூன்றாவது லாரி மரியதாஸ்
என்னைப் பார்த்ததும் ஹாரனை விட்டான்.

பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டியது.
பொட்டலம் வருகிறது. எண்ணிப் பார்த்தேன், எல்லாம் வருகிறது.
எல்லாவற்றையும் எனக்கில்லை என்று
கீழே போட்டுக்கொண்டிருந்தது அது.

உள்ளே வேறு ரகச் சில்லு.
என் மேசைச் சில்லு வாலில் தொடங்கி அடுக்கும்,
இது தலையில் தொடங்கும்.
இடப்பக்கம் தள்ளியதும் உதிர்ந்தது
அதன் சொந்த முதலிரண்டு.
ஒட்டிக்கொண்டது அந்நிய இரண்டு.
வந்த ஒவ்வொரு பொட்டலத்தின் நெற்றியிலும்
தன் பெயரைப் படித்தபின்
அனுப்பியவன் பெயரின் தொடக்கத்தையும் சேர்த்துப் படித்து
நான் அவனில்லை என்றிருக்கிறது.

எனக்கு நடந்ததுதான்.
பள்ளியில் அப்பா எனக்கு முன்னால் ஒற்றை எழுத்து,
அடையாள அட்டையில் பின்னால் முழுப்பெயர்.
கூலிம் வங்கியில் ஒருநாள்
துரைக்கண்ணு, துரைக்கண்ணு என்று கூப்பிட்டார்கள்.
செத்தவரை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று
அண்ணாந்து எண்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் எண் கடந்துபோனது.

எடைமேடை அறையில் நின்றபடியே திருத்தினேன்:
இந்த ரகத்துக்கு வலப்பக்கம் தள்ளு.
ஒரே ஒரு குறி திரும்பியது.
அணைத்து ஏற்றினேன்.
எட்டாயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ,
திரையில் மரியதாஸின் லாரி.

என்னவாம் அதுக்கு, என்றாள் புனிதவதி.
தன் பேர் தெரியல, என்றேன்.
எங்க மேனேஜருக்கும் என் பேர் தெரியாது,
சம்பளம் வருதே, என்றாள் தலை நிமிராமல்,
நோட்டிலிருந்ததைத் திரையில் ஏற்றிக்கொண்டே.

மோட்டாரில் திரும்பும்போது மழை.
லாரிகள் ஒவ்வொன்றாய் எதிரே வந்தன,
சேறு தெறித்த எண்பலகைகள்.
முதல் எழுத்து மட்டும் தெரிந்தது சிலவற்றில்,
சிலவற்றில் கடைசி இலக்கம்.
அறைக்கு வந்து நிரலுக்கு மேலே
ஒரு வரிக் குறிப்பு எழுதினேன்.
அடித்தேன். மறுபடி எழுதினேன்:
எந்தப் பக்கம் தலை என்று கேட்டுவிட்டு வெட்டவும்.