ஏழாம் வாசல்

புளியரையில் வண்டி நின்று
ஒரு மணி நேரம் ஆகிறது.
முன்னால் பதினாலு லாரி. ஆறு வைக்கோல்,
ரெண்டு முட்டை, மீதியெல்லாம் எம்-சாண்ட்.
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து
மைதீன் பிச்சை தூங்குகிற மாதிரி இருக்கிறார்.
நான் போனை எடுத்தேன்.
சார்ஜ் முப்பத்தொன்று.

ஆறு வாசல்வரை சிரமமே இல்லை.
சாதா வீரர்கள். பழுப்பு வேட்டி, கையில் ஈட்டி,
ஆளுக்கு இரண்டு வெட்டு.
உயிர்க்கோடு மூன்றில் ஒன்றாய்ச் சுருங்கியதும்
ஈட்டியைப் போட்டுவிட்டு
வாழைத்தோப்புக்குள் ஓடிவிடுவார்கள்.
ஓடுகிறவனை நான் வெட்டுவதில்லை.
புள்ளி கிடைக்காது, அதனால்தான்.

ஏழாம் வாசலில் இவர்கள்.
கறுப்புக் கச்சை, முகத்தில் பித்தளை மூடி.
நாலு பேர். பாளையத்திலேயே பொறுக்கியெடுத்த ஆட்களென்று
வாசலில் ஒரு கல்வெட்டு சொல்கிறது,
ஒற்றெழுத்தெல்லாம் தப்பு.
நாற்பது தடவைக்கு மேல் இவர்களிடம் செத்திருக்கிறேன்.
மூன்றடி நடப்பான். திரும்புவான்.
இடப்பக்கம் பார்ப்பான்.
வலப்பக்கம் பார்ப்பதேயில்லை என்று கண்டுபிடிக்க
எனக்கு மூன்று லோடு ஆனது,
கொட்டாரக்கரைக்கு இரண்டு, புனலூருக்கு ஒன்று.

கண்டுபிடித்தும் பயனில்லை.
ஒரு கையை வெட்டினால் மறு கைக்கு வாள் போகிறது.
சாகப்போகிற நேரத்திலும்
ஓரடி பின்னால் வைப்பதில்லை.
விழும்போதுகூட
வாசலுக்குக் குறுக்கே விழுகிறார்கள்.

போன வாரம் மதில் ஓரம் ஒரு பிசகு தெரிந்தது.
சுவரோடு உரசிக்கொண்டே தாவினால்
கல்லுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போகலாம்.
இன்றும் போய் நின்றேன்.
அரசன் இல்லை. கட்டில் இல்லை. தரையே இல்லை.
சாம்பல் நிறம் மட்டும்.
யார் வரப்போகிறார்கள் என்று
வரையாமல் விட்டிருக்கிறார்கள்.
அங்கிருந்து பார்த்தால் கதவு கண்ணாடி.
நாலு முதுகுகள்.
யாரோ கச்சையின் முடிச்சை மட்டும்
இழை இழையாய் வரைந்திருக்கிறான்.
பின்னாலிருந்து வெட்டினால் இரட்டைப் புள்ளி.
நான் வாளை உருவவில்லை.

வரிசை நகர்ந்தது.
மலைக்கு அந்தப் பக்கம் பெய்யும் மழையின் வாடை.
டார்ச் வெளிச்சம்.
"என்ன லோடு?"
"வைக்கோல்."
"அடியில?"
"வைக்கோல்தான் சார்."
அவர் கம்பியை எடுத்தார். ஆறடி, கூர்முனை.
இடப்பக்கம் மூன்று குத்து.

கடையநல்லூரில் ஏறும்போதே சொல்லியிருந்தார் மைதீன் பிச்சை:
"கம்பிய எடுத்தாம்னா எறங்கி ஓடிருல.
எழுநூறு ரூவா சம்பளத்துக்கு
ஒனக்கு என்ன வந்திருக்கு."
அடியில் மூட்டை இருக்கிறதா, எத்தனை,
இல்லை வெறும் வைக்கோலேதானா,
நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

கதவைத் திறந்து இறங்கினேன்.
முள்வேலி, ஒரு ஆள் நுழைகிற சந்து,
அதற்கப்பால் இருட்டில் வாழைத்தோப்பு.
எல்லாம் அதே இடத்தில் இருந்தது.
ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.
விசுவாசம் கிசுவாசம் ஒன்றும் இல்லை.
செருப்பு வார் வேறு அறுந்திருந்தது.

அவர் மூன்றடி நடந்தார். திரும்பினார்.
வண்டியின் வலப்பக்கம்
டார்ச்சுக்குக் குறுக்கே நான்.
"என்னல நிக்க?"
"சும்மா சார்."
மழை பிடித்துக்கொண்டது.
கம்பியில் ஒட்டிய ஒரே ஒரு வைக்கோலை
விரலால் வழித்துக் கீழே போட்டு,
அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
"போ."

மைதீன் பிச்சை கியர் போட்டார்.
எஸ் வளைவு ஏறி முடியும்வரை
ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு
தன் பீடிக்கட்டை என் பக்கம் தள்ளினார்.
நான் பீடி குடிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும்.

கோட்டைவாசல் என்று போர்டு.
இந்த வழியில் எத்தனையோ நடை போயிருக்கிறேன்,
கோட்டையைப் பார்த்ததில்லை.
போனை எடுத்தேன். சார்ஜ் நாலு.
ஆட்டத்தை நிறுத்தாமலே இறங்கியிருக்கிறேன்.
தரையில்லாத அந்த இடத்திலேயே
இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.
வாசலில் நாலு பேரும்.
ஒருத்தன்கூட
இன்னும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.