பிழைதிருத்தத் தாள்

வாக்குமூலம் பதிவது என் பிழைப்பு.
டுலூத் நகரம், மூன்றாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே ஏரி
கப்பல் வராத வெள்ளையில் கிடக்கிறது.
மேசைக்கு இந்தப் பக்கம் ரெய்னோ நிஸ்கலா,
இரும்புத்தாதுக் கப்பலில் முப்பது வருடம்.
அந்தப் பக்கம் மருந்தாளர் டார்லீன் வுகெலிச்.
நடுவில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்,
ஆரஞ்சு நிறக் குப்பி: சான்று நான்கு.

மருத்துவர் எழுதியது வாரத்துக்கு ஒன்று.
குப்பியில் ஒட்டியது நாளுக்கு ஒன்று.
மூட்டுவலி மாத்திரைதான்.
பதினேழு காலைகள்.

அன்று மாலை நான் ஒருத்திதான், என்றாள் டார்லீன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டு,
கார் ஜன்னலில் வரிசை, ஓயாத தொலைபேசி.
கணினி எச்சரித்தது, ஆமாம்.
அது எல்லாவற்றுக்கும்தான் எச்சரிக்கும்.
ஆட்சேபணை, என்றார் அவளுடைய வக்கீலே.
இரண்டையும் பதிந்தேன்.

இழப்புக்கு ஒரு கணக்கு உண்டு.
வயது அறுபத்தெட்டு. சம்பளம் இல்லை.
சமையல், துவையல், மணிக்கு இவ்வளவு என்று போட்டு
வருடங்களால் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.
ரெய்னோ குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரையை எடுத்துக் கொடுத்தது யார்?
நான்.
தினமுமா?
தினமும். புளுபெர்ரி ஜாமில் வைத்து.
உங்கள் மனைவி ஏதும் சொன்னாரா?
வாயெல்லாம் புண், இன்றைக்கு வேண்டாம் என்றாள்.
நீங்கள்?

என் இயந்திரத்தில்
மௌனத்துக்கு விசை கிடையாது.
வெந்நீர்க் குழாய் சுவருக்குள் இரண்டு முறை தட்டியது.
யாரோ பேனாவை மூடினார்கள்.

எழுதியிருக்கிறதே அய்லி, என்றேன்.

இடைவேளையில் இருவரும் பேசக் கூடாது;
அவரவர் வக்கீல் சொல்லியிருந்தார்.
டார்லீன் காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்து
அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு
திரும்பிப் பார்க்காமல் போனாள்.
அவர் குடிக்கவில்லை.
நகர்த்தவும் இல்லை.
இது பதிவில் வராது.

சாட்சிகளுக்கு முப்பது நாள் உண்டு.
படித்துப் பார்த்து
நான் தப்பாகத் தட்டியதை மட்டும் திருத்தலாம்.
பக்கம், வரி, உள்ளது, வேண்டியது, காரணம்
என்று ஐந்து கட்டங்கள்.
டார்லீன் தன் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தியிருந்தாள்.
என் பிழைதான், வெட்கமாக இருந்தது.

ரெய்னோவின் தாள் இருபத்தொன்பதாம் நாள் வந்தது.
சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய, சாயாத கையெழுத்து.

பக்கம் 41, வரி 9.
உள்ளது: எழுதியிருக்கிறதே அய்லி.
வேண்டியது: சரி, இன்றைக்கு வேண்டாம்.
காரணத்துக்கான கட்டத்தில்
பேனா முனை ஊன்றிய ஒரு புள்ளி.

ஒலிப்பதிவை மூன்று தடவை ஓட்டிக் கேட்டேன்.
குழாய் தட்டுகிறது, பேனா மூடுகிறது,
அவர் சொல்கிறார்.
என் விரல்களில் தவறில்லை.

விதிப்படி
அந்தத் தாளையும் கடைசியில் சேர்த்துத் தைத்து
இரு தரப்புக்கும் அனுப்பிவைத்தேன்.