தொகுதி பதினேழு

ஒக்போமோசோவில் மின்சாரம் போனால்
முதலில் நிற்பது காந்தக் கலக்கி.
நின்ற பிறகுதான் தெரியும்
இதுவரை அது முனகிக்கொண்டிருந்தது என்று.

வெள்ளிக்கிழமை. வெள்ளி நைட்ரேட்.
குடுவையில் வெறும் தண்ணீர்போல
ஒன்றுமறியாத முகத்தோடு இருந்தது.
கசப்பிலைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.
இங்கே அதற்கு எவுரோ என்று பெயர்,
சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும்.
இலை எதையோ கொடுக்கிறது,
வெள்ளி துகளாகிறது.
எதைக் கொடுக்கிறது என்று
ஆய்வேட்டில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்,
தெரியாது என்பதை
நான்கு பக்கத்துக்கு.

பத்து நிமிடத்தில் வைக்கோல் நிறம்,
அரைமணியில் தேநீர்.
ஒரு தலைமுடியின் குறுக்கே
இரண்டாயிரம் துகளை வரிசையாக நிறுத்தலாம்.
போன மாதம் தட்டில் வளர்த்த புற்றணுக்களில்
பாதி செத்தன.
தட்டில்.
அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொல்வார் பேராசிரியர்:
தட்டில் பெட்ரோல் ஊற்றினாலும்தான் சாகும், மொரெனிகே.

ஜெனரேட்டரைக் கிளப்ப வந்த காவலர் அடிகுன்
டார்ச்சைக் குடுவைமேல் அடித்தார்.
"இதுதானா மேடம்?"
அவர் மனைவி அபோசேதேக்கு
இபாதான் ஆஸ்பத்திரியில் மூன்றாவது ஊசி முடிந்திருந்தது.
நான்காவதற்குப் பணம் முடிந்திருந்தது.
சட்டைப் பையிலிருந்து எடுத்தார்
ஒரு பழைய சிரப் பாட்டில்.
கழுவி, உலர்த்தி,
லேபிளை நகத்தால் சுரண்டியிருந்தார்.
"ஒரு மூடி போதும்."

எலிக்கே இன்னும் கொடுக்கவில்லை என்றேன்.

"அவளை எலி என்று எழுதிக்கொள்ளுங்கள்."

ஈரல், சிறுநீரகம், அளவு, நஞ்சு,
எல்லாம் சொன்னேன்.
ஆங்கிலத்தில் சொன்னேன் என்பது பிறகுதான் உறைத்தது.
யோருபாவில் திருப்பிச் சொல்ல
நான் வார்த்தை தேடிய இடைவெளியில்
பாட்டில் பைக்குள் திரும்பிவிட்டது.

"மிச்ச இலையாவது?"

கொடுத்தேன். அரைக் கட்டு.
வீட்டில் அதை ஏழு தண்ணீரில் கசக்கிப் பிழிவார்கள்,
கசப்பு போகும்வரை.
அந்தக் கசப்பைப் பிடித்துவைக்கத்தான்
எனக்கு மூன்று வருட உதவித்தொகை.

வளாகச் சாலையோரச் சிவப்புப் புற்றை
மார்ச்சில் மண்வெட்டியால் இடித்தார்கள்.
அன்றிரவு நடந்து போகையில் பார்த்தேன்,
முழங்கால் உயரம் மறுபடி.

திங்கட்கிழமை
குடுவையின் அடியில் கறுப்பு வண்டல்.
கலக்கி நின்ற நாற்பது நிமிடத்தில்
துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு
கனத்து இறங்கிவிட்டன.
அவர் கேட்டபோதே கெட்டுக்கொண்டிருந்திருக்கிறது.
தொகுதி பதினேழு, கழிவு.
காரணம்: மின்தடை.

வாசலில் தடுப்புக் கம்பியைத் தூக்கியபடி
அடிகுன் சொன்னார்:
"சனிக்கிழமை இரண்டு கரண்டி சூப்.
ஞாயிறு மூன்று.
வாந்தி இல்லை."

தேதி, அளவு, விளைவு.
என் நோட்டில்
இவ்வளவு சுத்தமான பதிவு ஒன்றுகூட இல்லை.